தௌவு எடுத்துப் போன பை

"நல்ல பாய் ஏதாவது இருந்தா சுருட்டி உள்ள வை. கிழிஞ்சதை எடுத்து விரி. அதிகாரி வீடு பாக்க வர்றாங்கடி, பொண்ணு பாக்க இல்ல" என்றாள் ராம்கலி.

தரைவினி சரி சரி என்று தலையாட்டினாள். அவளிடம் நல்ல பாய் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். எதிர் வீட்டு ராம்கலி சொன்னால் மறுபேச்சு கிடையாது. புருஷன் போன பிறகு அரசாங்க உதவித்தொகைக்கு நாயாய் அலைந்து வாங்கியவள் அவள். எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம், எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்தப் பெண்மணி சிடுசிடுப்பார், யார் பொறுமையாகப் பதில் சொல்வார் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தீவு நாட்டின் தலைநகரான சுவாவை ஒட்டிய அந்தச் சேற்றுக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் காசு வாங்காத வக்கீல்.

தரைவினியின் கணவன் பெதெலி கடல் அட்டை எடுக்கிறவன். வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவான். ஒரு நாள் குழாயில் காற்று நின்றுபோக, பயந்து சட்டென்று மேலே வந்துவிட்டான். அப்படி வரக்கூடாது, உடம்புக்குள் காற்று குமிழ் கட்டிவிடும். கட்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே அன்றோடு உணர்வு போயிற்று. படகுக்காரன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனவன்தான், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு வீடு எப்படி நடந்தது என்று கேட்டால் தரைவினிக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சேற்றில் நண்டு பிடித்து விற்றாள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு துணி துவைக்கப் போனாள். கடல் தாண்டி வேறொரு தீவில், லம்பாசாவில் இருக்கும் பெதெலியின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "திதிலியாவை இங்க அனுப்பிடுங்க. என் பிள்ளைங்களோட சேர்ந்து அதுவும் படிக்கட்டும்" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் திதிலியாவுக்கு ஒன்பது வயது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும், அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்கவும் பழகியிருந்தாள். அவளுடைய துணிகளை ஒரு நீலப் பையில் அடுக்கி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியாகிவிட்டது. சனிக்கிழமை கப்பல். அதற்குள் உதவித்தொகை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை பிறந்தால் பை இறங்கும். இல்லையென்றால் பையோடு பிள்ளையும் கப்பல் ஏறும்.

விண்ணப்பம் போட்ட கதையே ஒரு கூத்து. ராம்கலிதான் அழைத்துப் போனாள். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், டாக்டர் கொடுத்த கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தாள். மழை வந்தால் நாம் நனையலாம், காகிதம் நனையக்கூடாது என்பது அவள் சட்டம். முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"வீட்டுல சாப்பாடு இருக்காம்மா?"

"இருக்கு தம்பி. வாங்க, வந்து சாப்பிடுங்க" என்றாள் தரைவினி.

ராம்கலி அவள் இடுப்பில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன செய்வது? வாசலில் யார் நடந்து போனாலும், பானையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுவதுதான் பிறந்ததிலிருந்து அவள் வாய்க்குத் தெரிந்த பதில். "தம்பி, அவ சொன்னதை எழுதாதீங்க. அது இந்தத் தீவு ஆளுங்க வழக்கம். ராத்திரி மரவள்ளிக்கிழங்கும் டீத்தண்ணியும்தான் ஓடுது" என்று ராம்கலி குறுக்கே விழுந்து காப்பாற்றினாள். இளைஞன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார், அவர் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்று சொல்லி அனுப்பினான்.

அந்த ஒருவர் வியாழக்கிழமை காலை வருகிறார்.

ராம்கலி சொன்னபடியே எல்லாம் நடந்திருக்கும், புதன்கிழமை சாயங்காலம் லேவாத்து வராமல் இருந்திருந்தால். லேவாத்து பக்கத்து வீட்டுக்காரி. சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும்.

"என்னடி தரைவினி, அரசாங்கத்துலேர்ந்து விருந்தாளி வர்றாங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"விருந்தாளி இல்லக்கா. வீட்டைப் பாத்து எழுதிக்கிட்டுப் போக வர்றாங்க."

"வாசப்படி ஏறி உள்ள வந்தா விருந்தாளிதான்டி! வெறுந்தரையிலயா உக்கார வைப்ப? நம்ம குடியிருப்புக்கு ஒரு அதிகாரி வர்றாங்க. நாளைக்கு ஊர் பூரா என்ன பேசும்? அங்க போனாங்க, ஒரு வாய் டீ குடுக்கக்கூட ஆளில்லன்னு பேசாது?"

தரைவினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் அதே கவலைதான். வருகிறவரைக் கிழிந்த பாயில் உட்கார வைப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. கஷ்டத்தை வாயால் சொல்லலாம்; விருந்தாளியை உட்கார வைத்துக் காட்டுவதா?

விடிந்ததும் வீடு கல்யாண வீடாகிவிட்டது. லேவாத்து தன் மகளுக்குச் சீராக எடுத்து வைத்திருந்த பாய்களைக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தாள். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூல் குஞ்சம். சர்ச்சிலிருந்து ஒரு சாய்வு நாற்காலி வந்தது. யாரோ திரைச்சீலை மாட்டினார்கள். லேவாத்துவின் வீட்டுக்காரர் பெரிய பாறைமீன் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அது தேங்காய்ப்பாலில் கொதித்தது. பக்கத்தில் சேப்பங்கிழங்கு, அன்னாசி வைத்த கேக். பெதெலிக்குப் பூப்போட்ட சட்டை மாட்டி, தலைவாரி, தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்த ராம்கலி தலையில் அடித்துக்கொண்டாள்.

"புத்தி கெட்டவளுங்களா! உதவி கேக்கற வீடா இது? எனக்கே இங்க வாடகைக்கு வரலாம்போல இருக்கு!"

அப்படித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள், கொஞ்ச நேரத்தில் தங்க விளிம்பு வைத்த தன் டீ செட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அந்த அலுமினியக் குவளையிலயா குடுப்ப? பத்திரம், ஒண்ணு உடைஞ்சாலும் உன்னை உடைச்சிடுவேன்." அவளும் அந்த ஊரில்தானே பிறந்து வளர்ந்தவள்.

அதிகாரி மிலியாகெரே நடுத்தர வயதுக்காரி. கையில் கோப்பு, குடை. சேற்றின் மேல் போட்ட பலகைகளில் தடுமாறாமல் நடந்து வந்தாள். செருப்பை வெளியே விட்டு, தலை குனிந்து உள்ளே வந்தவள், அந்தப் பாய்களைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

பாயைப் பார்த்தாள், எழுதினாள். நாற்காலியைப் பார்த்தாள், எழுதினாள். டீ வந்தது, தங்க விளிம்பைப் பார்த்தாள், அதையும் எழுதினாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தரைவினிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் இப்போது வாயைத் திறந்து, இதெல்லாம் எங்களுடையது இல்லை என்று சொன்னால் கொடுத்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? லேவாத்துவும் மற்றவர்களும் ஜன்னலுக்கு வெளியே பெருமையாக நின்றுகொண்டிருந்தார்கள். தரைவினி கதவுப் பக்கம் பார்த்தாள். நீலப் பை ஆணியில் தொங்கியது. திதிலியா அதன் கீழே தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீடு வசதியாத்தான் இருக்கு" என்றாள் மிலியாகெரே, கோப்பைப் பார்த்தபடியே. குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பெதெலி தொண்டையைச் செருமினான். விருந்தாளியிடம் ஊர் கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை. "மேடத்துக்கு எந்த ஊருங்க?"

"எங்க அப்பாவுக்கு நாகாசலை. மலைப்பக்கம்."

பெதெலி நிமிர்ந்தான். இடுப்புக்கு மேல் இருந்த உடம்பு முழுவதும் நிமிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். "நாகாசலையா? நான் வுனிதவா தீவு!"

மிலியாகெரேயின் பேனா நின்றது.

இரண்டும் தௌவு ஊர்கள். ஆதியில் ஒரே தெய்வத்தின் வழி வந்த ஊர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். தௌவுக்காரர்கள் சந்தித்தால் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் மாமன் மச்சான் கேலி இருக்கிறதே, அதைப்போல, ஆனால் ஒரு படி மேலே. ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் புகுந்து எந்தப் பொருளையும் எனக்கு என்று எடுத்துக்கொண்டு போகலாம். கொடுக்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊருக்கே அவமானம்.

"அடடா, வுனிதவாவா! தேங்கா திருட ஏறி, மரத்து மேலயே தூங்கிப்போனவங்க ஊருதானே?" என்றாள் மிலியாகெரே.

"பன்னி வேட்டைக்குப் போயி பன்னிகிட்ட கடி வாங்கிட்டு வந்தவங்க பேசக் கூடாது!"

"கடி வாங்கினாலும் பன்னியைத் தின்னுட்டுத்தான் வந்தோம். நீங்க தேங்காயும் எடுக்கல, தூக்கமும் சரியா தூங்கல!"

பெதெலி சிரித்தான். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு தரைவினி அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. உதவித்தொகை கிடைக்கிறதோ இல்லையோ, இந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும் என்று அப்போதே மனசார வாழ்த்தினாள்.

மிலியாகெரே கோப்பை மூடி ஓரமாக வைத்தாள். மீனையும் கிழங்கையும் நன்றாகச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதிகாரியா வந்தவ ஒரு கரண்டியைக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. ஆனா தௌவு வெறுங்கையோட போனா நல்லா இருக்காது, இல்லியா பெதெலி? இந்தப் பாய் எனக்கு. குஞ்சம் ரொம்ப அழகா இருக்கு."

பெதெலி தரைவினியைப் பார்த்தான். தரைவினி ஜன்னலைப் பார்த்தாள்.

"ஐயோ, என் பொண்ணு சீரு!" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கிளம்பியது. அது லேவாத்துதான். அவளுக்குப் பெதெலி மேல் மரியாதை உண்டு; பாய் மேல் அதைவிட அதிகம்.

"அது... அது லேவாத்து அக்காவோட பாய், மேடம்" என்றாள் தரைவினி. குரல் நூலாக வந்தது.

"அப்படியா. சரி, அந்த நாற்காலி?"

"சர்ச் நாற்காலி."

"டீ செட்?"

"என்னுது, என்னுது! கல்யாணத்துக்கு எங்க மாமியார் குடுத்தது" என்று ராம்கலி உள்ளேயே வந்துவிட்டாள்.

"திரைச்சீலை? கேக் தட்டு? பானை?"

ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் பயந்துகொண்டு வந்த குரல்கள் போகப்போகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டன. நான் சாப்பிட்ட மீன் யாருடையது என்று மிலியாகெரே கேட்டதற்கு லேவாத்துவின் வீட்டுக்காரர், "அதை இனிமே கேட்டு என்ன பிரயோசனம்!" என்று கத்தினார். பெதெலியின் சட்டையைத் தொட்டுக் காட்டியபோது, அதற்கும் ஒரு சொந்தக்காரர் கையைத் தூக்கினார்.

"கேவலமான தீவுக்காரா! அப்ப இந்த வீட்டுல உன்னுதுன்னு என்னதான் இருக்கு?"

"தலைக்கு மேல தகரம் இருக்கு தௌவு. மழை பெஞ்சா பாதி அதுவும் இல்ல."

மிலியாகெரே சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை கதவுக்குப் பின்னால் போய் நின்றது.

"அந்த நீலப் பை?"

இந்த முறை வெளியிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

"அது என்னுது" என்றாள் திதிலியா.

"உன்னுதா? உள்ள என்ன இருக்கு?"

"என் துணி. பல்லு விளக்குற பிரஷ். சனிக்கிழமை நான் லம்பாசாவுக்குப் போறேன். அத்தை வீட்ல இருப்பேன்."

"லீவுக்கா?"

திதிலியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தரைவினி சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டது. அந்த அழகான பாயின் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். விருந்தாளி முன்னால் அழக்கூடாது என்பதுகூட நினைவில்லை. ராம்கலி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவியபடி, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தாள்.

மிலியாகெரே மறுபடி கோப்பைத் திறந்தாள். எழுதியதையெல்லாம் வரிசையாக அடித்தாள். அடுப்பங்கரையைக் காட்டச் சொன்னாள். பெதெலியின் முதுகுப் புண்ணைப் பார்த்தாள். கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் எழுதினாள்.

"நான் கண்ணால பாக்குறதைத்தான் எழுதணும் தரைவினி. இப்பத்தான் பாக்க விட்டீங்க. முடிவு பண்றது மேல இருக்கறவங்க. நான் சத்தியம் எதுவும் பண்ண மாட்டேன். இவரை மாதிரி வேலை செய்ய முடியாதவங்களுக்குத் தனியா ஒரு தொகை இருக்கு. அதுக்கும் மனு எழுதி இதோட வைக்கிறேன். இங்க கையெழுத்துப் போடுங்க."

பிறகு கதவுக்குப் பின்னால் போனாள். நீலப் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திதிலியாவின் மடியில் அடுக்கிவிட்டு, காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன்னோட ஒரே பொருள் இதுதான். இது எனக்கு. தௌவு கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் திதிலியா.

குடையைப் பிடித்துக்கொண்டு பலகைகளின் மேல் அவள் நடந்து போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேவாத்து உள்ளே வந்து பாயின் குஞ்சத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு தரைவினி, "துணியை ஒரு சாக்குப் பையில கட்டிடட்டுமா?" என்று கேட்டபோது பெதெலி கண்ணை உருட்டினான். "என்ன பேச்சுப் பேசற! தௌவு எடுத்துட்டுப் போன பைக்குப் பதிலா இன்னொரு பை கட்டினா அவங்களை அவமதிக்கிற மாதிரி. பை திரும்பி வர்ற வரைக்கும் பயணம் கிடையாது. அது எங்க ஊரு முறை."

அப்படி ஒரு முறை இருப்பதாகத் தரைவினி கேள்விப்பட்டதே இல்லை. அவன் அப்போதுதான் உண்டாக்கினான் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மறுபேச்சுப் பேசவில்லை. சனிக்கிழமை கப்பல் திதிலியா இல்லாமலே புறப்பட்டுப் போனது.

காத்திருந்த நாட்கள் லேசானவை அல்ல. ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு குடியிருப்பில் யாருக்கும் எதுவும் மறைக்க இருக்கவில்லை. லேவாத்து வீட்டில் மீன் வந்தால் ஒரு துண்டு இங்கே வந்தது. ராம்கலி ரொட்டி சுட்டால் இரண்டு கூடச் சுட்டாள். கொடுக்கும்போது திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். அதை வாங்கும்போதெல்லாம் தரைவினிக்கு, கடவுள் தன்னைக் கைவிடவில்லை, வாய் நீளமான ஆட்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று தோன்றியது.

பிறகு ஒரு நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு தொகையும் கிடைத்துவிட்டது. வந்து கையெழுத்துப் போட்டு உதவித்தொகை அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தரைவினி திதிலியாவையும் அழைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் நன்றி சொல்வதற்கு வார்த்தை சேர்த்தாள். எங்கள் பிள்ளையை எங்களிடமே விட்டுவைத்தீர்கள் என்று ஆரம்பிக்கலாம். என் புருஷனைச் சிரிக்க வைத்தீர்கள் என்பதை அடுத்துச் சொல்லலாம். வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிலியாகெரே குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால், சுவர்க் கொக்கியில், நீலப் பை தொங்கியது.

தரைவினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திதிலியா வரிசையிலிருந்து நழுவினாள். பக்கவாட்டுக் கதவைத் தள்ளி, காவலாளி, "ஏ பாப்பா, எங்க போற?" என்பதற்குள் உள்ளே போய், எக்கி, பையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இது எனக்கு" என்றாள்.

மிலியாகெரே திரும்பினாள். அறை முழுக்க வேடிக்கை பார்த்தது.

"அடி திருட்டுத் தீவுக்காரி! பட்டப்பகல்ல, கவர்ன்மெண்ட் ஆபீஸ்லயே!"

"குடுக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. தௌவு."

"பாத்தீங்களா வாயை! அப்பன் மாதிரியே!" என்று மிலியாகெரே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிரித்தாள். வரிசையில் இருந்தவர்கள் விஷயம் தெரியாமலேயே கூடச் சிரித்தார்கள்.

தரைவினி சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. உள்ளங்கைகளைக் குவித்து, மரியாதை காட்டும் ஊர் வழக்கப்படி மெதுவாக மூன்று முறை தட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. கடைசியில் வாய்க்குப் பழகிய ஒன்றேதான் வந்தது.

"வீட்டுக்கு வாங்க மேடம். வந்து சாப்பிடுங்க."

"யார் வீட்டுத் தட்டுல?"

"எங்க வீட்டுத் தட்டுல" என்றாள் தரைவினி.

மறுநாள் காலையில் திதிலியா அந்தப் பையில் புத்தகங்களை அடுக்கி, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போனாள்.